ஆலைத் தரையில் கிடந்த மா

14 யூன் 1992, ஞாயிறு

லண்டனுக்கு வெளியே, திருத்திப் புதுப்பித்த பழைய தண்ணீர் ஆலை ஒன்றைப் பார்க்கப் போனோம். சக்கரம் சுற்றக் கோதுமை அரைபட்டது. தரையெல்லாம் மா. மனைவி ஊரிலிருந்து வந்து மூன்று மாதம்தான். வாசலிலேயே சப்பாத்தைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள்.

“போடும். எல்லாரும் பாக்கினம்,” என்றேன்.

“மா சிந்திக் கிடக்குது. சப்பாத்தோட எப்பிடி மிதிக்கிறது?”

“இது கோயில் இல்லை.” சத்தம் கொஞ்சம் கூடிவிட்டது.

அவள் காலுறையோடேயே உள்ளே நடந்தாள். ஆலைக்காரர் சிரித்தபடி வழிவிட்டார். நான்தான் அவளைத் தெரியாதவன் போல நாலடி தள்ளி நின்றேன்.

இரவு வீடு வந்து சேர்ந்தோம். இப்போது வாசலில் இரண்டு சோடிச் சப்பாத்தும் கிடக்கின்றன. என்னுடையதின் அடியில் மா ஒட்டியிருக்கிறது. தட்டினால் கால்மிதியில்தான் விழும். காலையில் அதை மிதித்துக்கொண்டுதான் வேலைக்குப் போகவேண்டும். தட்டாமல் வந்து படுத்திருக்கிறேன்.