எந்த ஊர்ச் சிலந்தி

மார்ச் 11, செவ்வாய்.

சிலந்தியில் ஒரே பேரினத்தை எடுத்துக்கொண்டு, எந்த வகை எந்த ஊரில் இருக்கிறது என்று என் மகள் செல்வி ஆராய்கிறாள். ஷேர் ஆட்டோ ஓட்டும் நான் போகிற இடத்தில் பிடித்துத் தருவேன். பிடித்தது கெடாமல் போட்டு வைக்க ஊருக்கு ஒரு ஸ்பிரிட் பாட்டில் என்பது அவள் சட்டம். நேற்று பாட்டில் தீர்ந்ததால், முட்டுக்காட்டில் பிடித்ததையும் திருக்கழுக்குன்றத்தில் பிடித்ததையும் ஒன்றாகப் போட்டேன். ஆட்டோவில் பத்து பேரைத் திணிப்பவனுக்கு அது தப்பாகவே தெரியவில்லை.

இன்று லென்ஸில் பார்த்தவள் கத்தினாள். "நைனா, இதுல ஒண்ணு புதுசா கீது! எங்க புடிச்ச?"

"முட்டுக்காடு" என்றேன், கோர்ட்டில் சாட்சி சொல்கிறவன் போல.

அப்படியே எழுதிக்கொண்டாள். "இதுக்கு உன் பேரையே வெச்சிடலாம் நைனா."

எது எந்த ஊர் என்று எனக்குத் தெரியாது. நாளைக்கு அவள் முட்டுக்காடு முழுக்கத் தேடப் போகிறாள். அவள் அறையில் இன்னும் விளக்கு எரிகிறது. எழுந்து போய்ச் சொல்லிவிடுகிறேன்.