விரலை எடுத்தால் நிற்கட்டும்

என் அன்புக்குரியவருக்கு,

நான் சுகம். உங்கள் முட்டிவலி குறைந்ததா? தைலத்தை அலமாரியில் அழகு பார்த்துக்கொண்டிருந்தால் வலி போகாது.

கீபோர்டில் ஆர்பெஜியோ என்றால் என்னவென்று பாப்பா கேட்டாளாமே. மூன்று கட்டைகளைச் சேர்த்து அழுத்திப் பிடித்தால், கீபோர்டே அவற்றை ஒவ்வொன்றாக மாறி மாறி வாசிக்கும். 'அப்' வகையில் கீழிருந்து மேலே ஏறும், 'டவுன்' வகையில் இறங்கும். 'ரேண்டம்' என்பது நீங்கள் கடைக்குப் போவதைப் போல. எது முதலில் வரும் என்று யாருக்கும் தெரியாது. 'ஹோல்ட்' பட்டனைப் போட்டால் கையை எடுத்த பிறகும் ஓடிக்கொண்டே இருக்கும்.

அதனால்தான் நேற்று ஒரு கூத்து. நான் வேலை செய்யும் இந்த ஊர் ஓட்டலின் வரவேற்பறையில் வாசிக்கும்போது அடுக்குத் தும்மல். ஹோல்டைப் போட்டுவிட்டு முகம் கழுவப் போனேன். திரும்பி வந்தால் கீபோர்டு பக்கத்தில் மேனேஜர்.

"அதுவே வாசிக்குதே, அப்புறம் நீங்க எதுக்கும்மா?"

"எதை வாசிக்கணும்னு அதுக்குத் தெரியாதே சார்."

சிரித்துவிட்டார். வேலைக்கு ஆபத்தில்லை, கவலைப்படாதீர்கள்.

ஓட்டலுக்குக் கூட்டிப்போக வந்த வண்டிக்காரர் ஹாரன் அடிக்கிறார். ஒரே ஓர் உதவி. பாப்பா வாசிப்பதைப் போனில் பதிவுசெய்து அனுப்புங்கள். எந்த வகையானாலும் சரி, தப்பும் தவறுமாக இருந்தாலும் சரி. ஹோல்ட் மட்டும் போட வேண்டாம் என்று சொல்லுங்கள். அவள் விரலை எடுத்ததும் சத்தம் நிற்கட்டும். கேட்கிற வரைக்கும் அவள் கை அங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரிய வேண்டும்.

இப்படிக்கு,
பாப்பாவின் அம்மா