வெளிறிய நெல்லை உழுதுவிட வேண்டாம்

அனுப்புநர்:
வாய்க்காலின் கடைசி வயல்காரர்,
கடைமடை.

பெறுநர்:
வேளாண்மை அலுவலர் அவர்கள்,
பயிர்ப் பாதுகாப்பு அலுவலகம்.

பொருள்: வெளிறிய நெற்பயிரை நோய்ப்பயிர் என்று உழுது அழிக்கும் உத்தரவை நிறுத்தி வைக்க வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

என் எழுத்து கோணல்மாணலாக ஏறி இறங்குவதைத் தாங்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். இந்த ஆண்டுதான் எழுதக் கற்றேன். யார் கையையும் எதிர்பாராமல் நானே எழுதும் முதல் மனு இது. அந்த மகிழ்ச்சியைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. காலையில் தொடங்கினேன்; வெயில் சாய்ந்துவிட்டது. நல்ல காரியத்துக்கு எழுத ஆசைப்பட்டேன், அமையவில்லை.

1. என் வயலின் மேல்பாதியில் நிற்கும் நெல் நோயால் வெளிறியது அன்று. வெளிறியே வளரும் நெல் அது. விதை ஆராய்ச்சி நிலையத்தில் வேலை செய்யும் என் மகள் பல போகம் பாடுபட்டுத் தேர்ந்தெடுத்த வகை. அதன் இலையில் பச்சையம் குறைவு. மற்றப் பயிரில் மேல் இலைகள் தமக்கு வேண்டியதற்கும் மேலாக வெயிலைப் பிடித்துக்கொள்கின்றன. கீழ் இலைகள் நிழலில் பட்டினி கிடக்கின்றன. "முன்வரிசையே எல்லாத்தையும் வாரிக்கிட்டா கடைசி வரிசைக்கு என்னப்பா மிஞ்சும்?" என்று கேட்டு எனக்குப் புரியவைத்தாள். மேல் இலை வெளிறியிருந்தால் வெயில் கீழே இறங்கும். அடி இலையும் உணவு ஆக்கும்.

2. தங்கள் கள உதவியாளர் வந்து இலை வண்ண அட்டையை வைத்துப் பார்த்தார். அட்டையிலுள்ள எந்தப் பச்சைக்கும் இது ஒட்டவில்லை. யூரியா போடச் சொன்னார். போட்டும் நிறம் ஏறாததால் நோய் என்று எழுதிவிட்டார். அவர்மேல் குறையில்லை, அந்த அட்டை வழக்கமான நெல்லுக்கு அச்சிட்டது. "என்ன மாமா, பயிருக்கு மஞ்சக் காமாலையா?" என்று சிரித்துக்கொண்டிருந்த பக்கத்து வயல்காரரும் இப்போது பயந்து புகார் கொடுத்திருக்கிறார். ஆனால் வரப்பை ஒட்டியே நிற்கும் அவர் பயிரில் ஓர் இலைகூட வெளிறவில்லை.

3. வெள்ளிக்கிழமை டிராக்டர் வருமாம். ஐயா, ஆராய்ச்சி நிலையத்தில் மிச்சமிருந்த விதைநெல், கிடங்கில் மழைநீர் புகுந்ததால் அழுகிவிட்டது. இனி அந்த விதை இந்த வயலில் மட்டும்தான் இருக்கிறது. கதிர் இப்போதுதான் பால் பிடிக்கிறது. அவசரப்பட்டு அறுத்தாலும் முளைக்காது.

4. மகள் அறுவைச் சிகிச்சை முடிந்து மருத்துவமனையில் கிடக்கிறாள். ஒரு வார்த்தை பேசினால் மூச்சு வாங்குகிறது. நான் போனதும், "அப்பா, பயிர் பச்சையாயிடலையே?" என்பாள். "இல்லம்மா, உன்ன மாதிரியே வெளுத்துக் கிடக்கு" என்பேன். சிரித்துவிட்டுக் கண்ணை மூடுவாள். உத்தரவைப் பற்றிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

விளைச்சல் கூடுமா என்று எனக்குத் தெரியாது. அவளும் "அறுத்துப் பாத்தாத்தான்பா தெரியும்" என்கிறாள். அறுக்கும்வரை விடுங்கள் என்பதே என் கோரிக்கை. தாங்கள் ஒரு நடுப்பகலில் வந்து, வரப்பில் நிற்காமல் உள்ளே இறங்கி, பயிரை இரு கையாலும் விலக்கிப் பார்க்க வேண்டும். அடி இலைவரை வெயில் விழுந்து கிடக்கும். இலையைப் பரிசோதனைக்கும் அனுப்புங்கள். நோய் என்று வந்தால் டிராக்டர் வேண்டாம், நானே பிடுங்கி எரித்துவிடுகிறேன்.

வெள்ளிக்கிழமைக்கு முன் வாருங்கள் ஐயா. அடுத்த வாரமும் தங்களுக்கு எழுதுவேன். வயல் நின்றால் நன்றி எழுதுவேன். நிற்காவிட்டால், என் மகளிடம் நான் என்ன சொல்ல வேண்டும் என்று தங்களையே கேட்டு எழுதுவேன்.

நாள்: திங்கட்கிழமை
இடம்: கடைமடை

இப்படிக்கு,
தங்கள் பணிவுள்ள,
கடைசி வயல்காரர்
(கைநாட்டு அன்று, கையொப்பம்)