அங்கே என் சம்பளம் இல்லை

ஹவுன்ஸ்லோ, லண்டன்,
ஜனவரி 5.

அன்பின் ஜெஸ்ரினுக்கு,

அஞ்சலீனா எழுதுவது. என் உடம்புக்கு ஒன்றுமில்லை, பயப்பட வேண்டாம். தினமும் போனில் கதைக்கிறவள் ஏன் கடிதம் எழுதுகிறாள் என்று யோசிப்பீர்கள். நான் கதைக்கும்போது இங்கே உங்கள் அண்ணை அடுத்த அறையில் இருக்கிறார். அங்கே அம்மா உங்கள் பக்கத்தில் இருக்கிறா. அதனால்தான் கோயிலில் என்னோடு பாடும் றொசாந்தியிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன். தாயைப் பார்க்க அவள் மன்னாருக்கு வருகிறாள். தனியாக இருக்கும்போது வாசியுங்கள்.

அம்மாவின் கால் வீக்கம் வற்றியதா? கிழமைக்கு மூன்று தரம் இரத்தம் சுத்திகரிக்க யாழ்ப்பாணம் வரை போய்வருவது அந்த உடம்புக்குப் பெரிய பாடு. மெல்லிய பருத்திச் சட்டை இரண்டு அனுப்பியிருக்கிறேன். கையை முழங்கைக்கு மேல் சுருட்டலாம், ஊசி போட வசதி.

இனி என் விஷயம். ஓய்வு நேரத்தில் நான் பிறந்தநாள் கேக் செய்து விற்பது உங்களுக்குத் தெரியும். அந்த வருமானத்துக்கு இந்த மாத முடிவுக்குள் வரிக் கணக்கு அனுப்ப வேண்டும். நூலகத்துக் கணினியில் வரிச் சொப்ட்வெயரைத் திறந்து நிரப்பினேன். கேக் கணக்கு ஒழுங்காக ஏறியது. ஆனால் அண்ணையின் சமையல்கூடத்தில் இரண்டு வருடமாக இறைச்சி ரோல்ஸ் சுற்றி வாங்கிய சம்பளம் தானாக வந்து விழ வேண்டிய பக்கம் வெறுமையாக இருந்தது. எங்கேயோ பிழையாக அமத்திவிட்டேன் என்று நினைத்தேன். வெளியே வந்து மறுபடி உள்ளே போனேன். வருடத்தை மாற்றிப் பார்த்தேன். சம்பளச் சீட்டில் உள்ள இலக்கங்களை ஒவ்வொன்றாக விரல் வைத்து ஒப்பிட்டேன். எல்லாம் சரியாகத்தான் இருந்தன. மூன்று லீவு நாள் இப்படியே போனது. மொக்கு, மொக்கு என்று என்னை நானே ஏசிக்கொண்டேன்.

கடைசியில் கணக்காளர் கீர்த்தனனிடம் போனேன். எங்கள் ஆட்கள் பலருக்கு வரிக் கணக்கு செய்துகொடுப்பவர். கொஞ்ச நேரம் தட்டிப் பார்த்துவிட்டு, "அக்கா, சொப்ட்வெயரில ஒரு பிழையும் இல்லை. நீங்கள் வேலை செய்யிறதாவே உங்கட முதலாளி அரசாங்கத்துக்கு அறிவிக்கேல்லை" என்றார். அப்படியென்றால் மாதாமாதம் வரி என்று வெட்டிய காசு எங்கே என்று கேட்டேன். "அது அவரிட்டத்தான் இருக்கோணும்" என்றார்.

உங்களை இங்கே கூப்பிடும் விசாவுக்கு நான் காட்டப்போவது இந்தச் சம்பளத்தைத்தான். சீட்டுகளைக் கொடுத்தால் விசா அதிகாரிகள் வரித் திணைக்களத்தில் விசாரிப்பார்கள். அங்கே நான் வேலை இல்லாதவள். பொய்ச் சீட்டு என்று எழுதிவிட்டால் உங்களை வருடக்கணக்கில் தடுத்துவிடுவார்கள்.

சீட்டைப் பார்த்துச் சம்பளத்தை நானே தட்டி நிரப்பலாமாம். ஆனால் அப்படி அனுப்பினால், அறிவிக்காத முதலாளி யார் என்று தேடி அண்ணைக்குக் கடிதம் வரும். என் கணக்கை உண்மையாக எழுதுவதும் அவரைக் காட்டிக்கொடுப்பதும் ஒன்றாகிவிட்டது. எழுதாமல் விட்டால், சம்பளமே வாங்கவில்லை என்று நானே ஒப்பமிட்ட மாதிரி.

நேற்று அவரிடமே கேட்டேன். அவர் கத்தவில்லை. மாப் பிசைந்த கையைக் கழுவிவிட்டு வந்து எனக்கு முன்னால் இருந்தார். "அந்தக் காசு அம்மான்ர வைத்தியத்துக்குத்தான் போகுது பிள்ளை. நான் என்ன களவெடுத்துக் காரே வாங்கினனான்?" என்றார். வாங்கியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும், வாய் நிறைய ஏசியிருப்பேன். அவர் வீட்டு மாடியில் படுக்கிறேன், அவருடைய வானில் பூசைக்குப் போகிறேன். எந்தக் கதவால் வெளியே போனாலும் அவர் வீட்டுக்குள்தான் போய் நிற்கிறேன். வேறு வேலை தேடினால் விசாவுக்குக் காட்ட ஆறு மாதச் சம்பளச் சீட்டை முதலில் இருந்து சேர்க்க வேண்டும். ரோல்ஸ் சுற்றத் தெரிந்தவளுக்கு விசாவுக்குப் போதுமான சம்பளம் யார் தருவார்?

எழும்பிப் போகும்போது அவர் இன்னொன்றும் சொன்னார். "தம்பிக்குத் தெரியாமலோ நான் இதைச் செய்தனான்?"

அதிலிருந்து எனக்கு வேலை ஓடவில்லை. இந்த இரண்டு வருடத்தில் விசா எப்போது போடுவோம் என்று கேட்டது எப்போதும் நான்தான். "அண்ணை சொல்லட்டும், பொறும்" என்பீர்கள். நல்ல பொறுமைசாலி என்று றொசாந்தியிடம் உங்களைப் பற்றிப் பெருமையடித்திருக்கிறேன். இப்போது அதை நினைக்கப் பயமாக இருக்கிறது.

சம்பளத்தை எழுதி அனுப்பத்தான் போகிறேன். அண்ணையின் சமையல்கூடம் மூடினாலும், அம்மாவுக்கு என்னால் ஏலுமானதை அனுப்புவேன். அவவைக் கைவிட மாட்டேன். உங்களிடம் கேட்பது ஒன்றுதான். றொசாந்தி இருபத்தேழாம் தேதி திரும்பி வருவாள். உங்களுக்குத் தெரியாது என்றால் அதை உங்கள் கைப்பட எழுதி அவளிடம் கொடுத்துவிடுங்கள். தெரிந்திருந்தால் ஒன்றும் எழுத வேண்டாம், அவள் சும்மா வரட்டும். அப்போதும் போனில் அம்மாவின் சுகம் கேட்பேன். நீங்களும் வழமை போல் சொல்லுங்கள், அம்மாவுக்கு ஒன்றும் தெரிய வேண்டாம்.

மடு மாதா உங்கள் இருவரையும் காக்கட்டும். ஒரு வரி போதும் ஜெஸ்ரின்.

உங்கள் மனைவி,
அஞ்சலீனா