நான்காவது பிளக்

பாய் அவர்களுக்கு,

எனக்குக் கண் மங்கிவிட்டது என்று நெரவியில் பேசிக்கொள்கிறார்கள். அது தவறு. போன மாதம்தான் கண்ணைப் பரிசோதித்துக்கொண்டேன். கடைசி வரிக்கு முந்தின வரி வரை கண்ணாடியில்லாமல் படித்தேன். மூன்று காலையாகப் பிக்கப் வண்டியை ரயில்வே கேட் வரைக்கும் ஓட்டிக்கொண்டு போகிறேன். கேட் திறந்துதான் இருக்கிறது. ஆனாலும் தண்டவாளத்தைத் தாண்டாமல் திருப்பிக்கொண்டு வந்துவிடுகிறேன். பார்த்தவர்கள் அவர்களாகவே ஒரு காரணம் சொல்லிக்கொள்கிறார்கள். உண்மையான காரணம் பயம். அதை இந்த ஊரில் யாரிடமும் சொல்ல மாட்டேன். உங்களிடம் சொல்லலாம். நீங்கள் இறந்து, நாற்பதாம் நாள் ஃபாத்திஹாவும் ஓதி முடித்துவிட்டார்கள்.

இதை எழுதும்போது என் விரல்களில் பெட்ரோலும் கரியும் கலந்த வாடை அடிக்கிறது. இரண்டு தடவை சோப்புப் போட்டும் போகவில்லை. இன்றும் டிரைவர் சீட்டைத் தூக்கி, அடியிலிருக்கும் என்ஜினில் நான்காவது பிளக்கைத் தொட்டுப் பார்த்தேன். உங்கள் மெக்கானிக் ஷெட்டுக்குள் வந்தால் முதலில் முகத்தில் அடிப்பது இந்த வாடைதான். அப்போதெல்லாம் நான் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொள்வேன். இன்று அப்படிச் செய்யத் தோன்றவில்லை.

என் கணவர் இந்த வண்டியை வாங்கி முதல் தடவை உங்களிடம் கொண்டுவந்தபோது நானும் கூட வந்தேன். ஒரு முழுத்தாளை நடுவில் மடித்து எடுத்து வந்திருந்தேன். மேல் பாதியில் வண்டியின் குறை. கீழ்ப் பாதி உங்கள் பதிலுக்கு. கான்வென்டில் சிஸ்டர்கள் எங்களிடம் அப்படித்தான் விளக்கம் எழுதி வாங்குவார்கள். நீங்கள் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு அந்தத் தாளை முன்னும் பின்னும் பார்த்தீர்கள்.

“மதாம், வாயால சொன்னா ஆகாதா? வண்டி பேசுறது எனக்கு நல்லா வெளங்குது. நீங்க எழுதினதுதான் வெளங்கல.”

வாய்ப்பேச்சு வேண்டாம், என்ன செய்தீர்கள், எப்படிச் செய்தீர்கள் என்று எழுத்தில் வேண்டும் என்றேன். என் கணவர் வெளியே போய் நின்றுகொண்டு சிரித்தார். நீங்கள் எழுதினீர்கள். ஓரத்தில் கட்டைவிரல் கறையோடு அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. ஒருமுறை உங்கள் பதிலில் இருந்த பிழைகளைச் சிவப்பு மையில் திருத்தி அனுப்பினேன். அடுத்த பதிலை நீங்கள் முழுக்கச் சிவப்பு மையிலேயே எழுதி அனுப்பினீர்கள். நான் இரண்டு நாள் கோபமாக இருந்தேன்.

என் கணவர் இறந்த பிறகு, அறுபத்து நான்கு வயதில், நான் லைசென்ஸ் எடுத்தேன். சொந்தக்காரர்கள் எல்லோரும் தடுத்தார்கள். நீங்கள் தடுக்கவில்லை, பாராட்டவும் இல்லை. சீட்டை இரண்டு அங்குலம் முன்னால் நகர்த்திக் கொடுத்தீர்கள். அதையும் எழுதியே தந்தீர்கள்: ‘மதாமுக்கு கால் எட்ட சீட் முன்னுக்கு.’ அதற்குப் பிறகு சுரக்குடி நிலத்துக்கும் மாதா கோயிலுக்கும் நானே ஓட்டிக்கொண்டு போனேன். என் நாத்தனார் லூர்துவுக்குச் சிறுநீரகம் கெட்டு வாரம் இரண்டு நாள் டயாலிசிஸ் என்று ஆனபோதும், அவளை முன்னால் உட்கார வைத்து, சக்கர நாற்காலியைப் பின்னால் கட்டி, காரைக்காலுக்கு நான்தான் கூட்டிப்போகிறேன். வீட்டில் இருப்பது நாங்கள் இருவர் மட்டும்.

உங்கள் கடைசிப் பதில் என் முன்னால் இருக்கிறது. ‘நாலு பிளக்கும் தேஞ்சிருச்சு. தள்ளிப் போடாதீங்க. ஒரு நாள் வண்டிய விடுங்க.’ இவ்வளவுதான். எனக்கு இது போதவில்லை. பிளக் மாற்றி அவ்வளவு காலம் ஆகவில்லையே, எதை வைத்துத் தேய்ந்தது என்கிறீர்கள் என்று ஒரு புதுத்தாளை மடித்து மேல் பாதியில் எழுதினேன். ‘காரணத்தை எழுத்தில் தரவும்’ என்று அடிக்கோடும் போட்டேன். அதை எடுத்துக்கொண்டு வந்தபோது ஷெட் பூட்டியிருந்தது. எதிர்க்கடைக்காரர்தான் சொன்னார், முந்தின நாள் அஸர் தொழுகைக்குப் பிறகு நீங்கள் மௌத்தாகிவிட்டீர்கள் என்று. தாளைப் பையில் வைத்துக்கொண்டு திரும்பினேன். பிளக்கை மாற்றவில்லை. காரணம் இன்னும் வரவில்லையே என்று நினைத்தேன். உங்கள் சாவுக்குப் பிறகும் அப்படி நினைத்தேன் என்பதை இப்போது எழுதவே கூச்சமாக இருக்கிறது.

வண்டி திக்க ஆரம்பித்தது. ஆக்சிலேட்டரை மிதித்தால் ஒரு கணம் ஒன்றுமே நடக்காது. பிறகு உதறிக்கொண்டு கிளம்பும். போன வாரம் செவ்வாய்க்கிழமை, லூர்துவோடு கேட்டில் ஏறினேன். முன்சக்கரம் தண்டவாளத்தைத் தாண்டியது. பின்சக்கரம் தாண்டவில்லை. மிதித்தேன், வண்டி உதறியது, நின்றுவிட்டது. கேட் மணி அடிக்க ஆரம்பித்தது. துறைமுகத்து நிலக்கரி ரயில் எவ்வளவு நீளம் என்று உங்களுக்குத் தெரியும். எனக்கு அப்போது அது மட்டும்தான் ஞாபகம் வந்தது. சாவியைத் திருப்புவதற்குப் பதில் வைப்பரைப் போட்டேன். மழையில்லாத கண்ணாடியில் அது இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தேய்த்துக்கொண்டிருந்தது.

லூர்து என் மணிக்கட்டைப் பிடித்தாள். “அண்ணி, ஜெபம் அப்புறம் சொல்லிக்கலாம். சாவியத் திருப்புங்க.”

அவள் சொன்ன பிறகுதான் நான் சத்தமாக ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தது எனக்கே தெரிந்தது. மூன்றாவது தடவை என்ஜின் பிடித்தது. தாண்டிவிட்டோம். ரயில் வர நேரம் இருந்தது என்று கேட்காரர் பிறகு சொன்னார். அது அவருக்குத் தெரியும், எனக்குத் தெரியாதே. ஆஸ்பத்திரி வாசலில் ஸ்டியரிங்கிலிருந்து விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தேன்.

புது ஒர்க்‌ஷாப் ஒன்றில் கேட்டேன். பத்து நாள் கழித்துத்தான் பார்க்க முடியும் என்றார்கள். அதனால் உங்கள் வீட்டுக்குப் போனேன். உங்கள் மனைவி வெளியே எங்கும் போகாமல் இத்தாவில் இருக்கிறார். என்னை உள்ளே அழைத்து டீ கொடுத்தார். பிளக் ஸ்பேனரை இரவல் கேட்டேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. எடுத்துக் கொடுக்கும்போது, “ஒங்க தாளுக்குன்னே ஒரு பேனா வச்சிருந்தாங்க மதாம். பிள்ளைங்களத் தொட விடமாட்டாங்க” என்று சொல்லி, அதையும் என் கையில் வைத்தார். நான் நன்றி சொன்னேனா என்று நினைவில்லை.

சனிக்கிழமை காலை, நான்கு புதுப் பிளக்குகளை வாங்கி வைத்துக்கொண்டு, என்ஜின் முழுக்க ஆறியிருந்தபோது, போன தடவை பிளக் மாற்றிவிட்டு நீங்கள் எழுதித் தந்த தாளை எதிரே வைத்துக்கொண்டு ஆரம்பித்தேன். நான் வற்புறுத்தி எழுத வைத்த தாள் அது. ‘முதல்ல குழியில உள்ள மண்ண ஊதணும், இல்லன்னா உள்ள விழும்.’ சைக்கிள் பம்பால் ஊதினேன். ‘ஒண்ணக் கழட்டி ஒண்ண மாட்டணும். நாலையும் சேத்துக் கழட்டினா ஒயர் மாறிடும்.’ அப்படியே செய்தேன். கழற்றிய பிளக்கின் முனை, கடைசிவரை எழுதிவிட்ட சிலேட்டுக் குச்சி மாதிரி உருண்டிருந்தது. பொறி தாவ வேண்டிய இடைவெளியில் என் நகம் நுழைந்தது. நான் எழுத்தில் கேட்ட காரணம் அங்கே இருந்தது. அடிக்கோடு போட்டுக் கேட்ட அதே கையால் அதைத் துடைத்து ஓரமாக வைத்தேன்.

அடுத்த வரியை நீங்கள் பெரிய எழுத்தில் எழுதியிருந்தீர்கள். ‘கையால ஆறு சுத்து. அதுக்கப்புறம்தான் ஸ்பேனர். கோணலா ஏறினா உள்ள இருக்கிற திருகு மரை போச்சு. மரை போனா பிளக் ஓடுற வண்டியில தெறிச்சிடும்.’ முதல் மூன்றும் ஆறு சுற்றுப் போயின. வாய்விட்டு எண்ணினேன். நான்காவது, நான்கு சுற்றில் இறுகிவிட்டது. கழற்றித் துடைத்து மறுபடி வைத்தேன். நான்கு. மூன்றாவது தடவையும் நான்குதான். அதன் பிறகு ஸ்பேனர் போட்டேன். உட்கார்ந்துகொண்டது.

இப்போது வண்டி திக்கவில்லை. மிதித்த உடனே இழுக்கிறது. யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் கேட் கண்ணில் பட்டதும் என் காதில் அந்த மணி அடிக்கிறது. அந்த இரண்டு சுற்று எங்கே போயிற்று என்று தோன்றுகிறது. தண்டவாளத்தின் மேல் அது தெறித்தால் என்ன செய்வேன் என்று தோன்றுகிறது. திருப்பிவிடுகிறேன்.

வாடகைக் கார் இரண்டு தடவை வந்தது. நாற்காலியை ஏற்றி இறக்க முடியாது, இனி வர மாட்டேன் என்று டிரைவர் சொல்லிவிட்டார். நேற்றுச் சாப்பிடும்போது லூர்து தட்டைப் பார்த்துக்கொண்டே பேசினாள். “அண்ணி, முடியலன்னா முடியலன்னு சொல்லிடுங்க. ஆஸ்பத்திரிப் பக்கத்துல சிஸ்டர்ங்க ஹோம் இருக்கு. நான் அங்க சேந்துக்கறேன். ஒங்களக் கொல்றதுக்கா நான் ரத்தம் சுத்தம் பண்ணிக்கறேன்?” முதல் தடவையாக அவள் கேலி எனக்குச் சிரிப்பு வரவழைக்கவில்லை. அவள் போனால் இந்த வீட்டில் என் குரலை நான் மட்டும்தான் கேட்பேன். அடுத்த டயாலிசிஸுக்கு நானே கூட்டிப்போகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

பழைய பிளக்குகளை நீங்கள் செய்வதுபோலவே செய்தித்தாளில் சுற்றி, தேதி எழுதி, டாஷ்போர்டு அறையில் வைத்திருக்கிறேன். கட்டைவிரல் கறை படிந்த அந்த முதல் தாளும் அங்கேதான் இருக்கிறது. நாளை காலை ஏழு மணிக்கு லூர்துவோடு கிளம்புகிறேன். கேட்டில் நிறுத்த மாட்டேன்.

நீங்கள் இல்லை என்று எனக்குத் தெரியும். என் புத்தி தெளிவாகத்தான் இருக்கிறது. ஆனாலும் இந்தத் தாள்களில் கடைசித் தாளை நடுவில் மடித்து, மேல் பாதியோடு நிறுத்திக்கொள்கிறேன். காரணம் கேட்டு எழுதிய அந்தப் பழைய தாளுக்குப் பதில் வேண்டாம்; அது கிடைத்துவிட்டது. இந்த ஒன்றுக்கு மட்டும் வேண்டும்: நான்காவது பிளக் கையால் நான்கு சுற்றுத்தான் போயிற்று. அது நேராக ஏறியிருக்கிறதா?

உங்கள் பேனா தாளின் மேலேயே இருக்கிறது. எழுத்தில் பதில் தரவும்.