தெரியாத இலக்கத்திலிருந்து

சுன்னாகம்,
வெள்ளிக்கிழமை.

அன்பு மகன் நிருஷனுக்கு,

நீ உடல்நலத்தோடு இருக்க இறைவனை இறைஞ்சி எழுதுகிறேன். விடுமுறை முடிந்து தோகாவுக்குத் திரும்பும் உன் நண்பன் சுபாஸ், உன் தங்குமிடத்தை அறிவேன் என்றான். அவன் கையில் இம்மடலை ஒப்படைக்கிறேன். ஆடிக்குப் பின் உன் குரலை நாங்கள் கேட்கவில்லை.

மாரி பொழிந்து ஓய்ந்துவிட்டது. வெங்காயப் பாத்திகளில் நீர் நின்று பாதி அழிந்தது. மற்றபடி ஊர் இருந்தபடியே இருக்கிறது.

நீ கடனில் எடுத்த வான் வண்டியைக் கடன் நிறுவனத்தார் இழுத்துச் சென்றதை அறிவாய். ஆயினும் கடனில் மிச்சம் உண்டென்கின்றனர். நீ கைபேசி இலக்கத்தை மாற்றிக்கொண்டதால், பிணைக்குக் கையெழுத்திட்ட என் வீட்டை அழைக்கின்றனர். விடிந்தது முதல் விளக்கு வைக்கும்வரை ஓய்வில்லை. உன் தாயை அவர்கள் பழிக்கும் சொற்களை எழுத என் கை கூசுகிறது.

நானும் வாளாவிருக்கவில்லை. மேடையில் முழங்கிப் பழகிய நா அல்லவா? ஒருநாள், அழைத்தவனிடம் அறம் எது, மானம் எது என்று நெடுநேரம் இடித்துரைத்தேன். அவன் பொறுமையாகக் கேட்டிருந்துவிட்டு, “பேசி முடிஞ்சுதோ ஐயா? இனி எப்ப கட்டப்போறியள் எண்டு சொல்லுங்கோ” என்றான். சினம் தலைக்கேறியது. “வீட்டுப் பெண்ணை மிரட்டாதே! துணிவிருந்தால் மக்கள் மன்றத்தில் என் முகம் பார்த்துக் கேள்!” என்றேன். அது மேடைப்பேச்சு. அவன் அதை அழைப்பாகவே எடுத்துக்கொண்டான்.

அச்சுவேலியில் திருவிழாச் சொற்பொழிவு. காணாமற்போன பிள்ளை, வழியை மறிக்கும் ஊர்தி என்று கைக்கு வரும் துண்டுச் சீட்டுகளை எல்லாம் அறிவிப்பாளர் நடராசா ஒலிபெருக்கியில் வாசிப்பார் அல்லவா? நான் எழுந்த வேளையில் வந்த துண்டையும் முன்பே படித்துப் பாராமல் வாசித்தார். “சொற்பொழிவாளர் பரமலிங்கம் அவர்களின் கவனத்திற்கு. வான் கடனின் தவணை தொடர்பாகத் தங்களைத் தேடி வந்தவர்கள் தெற்கு வாசலில் காத்து நிற்கிறார்கள்.” பெண்கள் பக்கத்தில் உன் தாய் அமர்ந்திருந்தார். நான் வணக்கம் சொன்னேன். அதோடு மேடையை விட்டு இறங்கிவிட்டேன். அதன்பின் எந்தக் கோயிலும் என்னை அழைக்கவில்லை. அது போகட்டும்.

வீடு வந்ததும் கைபேசியைச் சுவரில் அறையப் போனேன். உன் தாய் பாய்ந்து பறித்தார். “பிள்ளை எடுத்தால்? அவனுக்கு வேறை எந்த நம்பர் தெரியும்?” என்றார். இலக்கத்தை மாற்றவும் விடவில்லை. புதிய இலக்கத்திலிருந்து நீ அழைப்பாய் என்று, தெரியாத இலக்கம் ஒவ்வொன்றையும் எடுக்கிறார். எடுத்து, வசவைக் கேட்கிறார்.

இதை அவர்களும் கண்டுகொண்டார்கள். சென்ற கிழமை ஒருவன், “அம்மா, நான் நிருஷன் கதைக்கிறன்” என்றான். “என்ரை ராசா, சாப்பிட்டியோ? ஏனடா குரல் மாறிக்கிடக்கு, தடிமன் பிடிச்சுதோ?” என்று கேட்டுக் கதறினார். மறுமுனையில் பலர் சேர்ந்து சிரித்தது எனக்கும் கேட்டது. பிறகு, “உங்கடை மகன்ரை காசை எப்ப அம்மா கட்டுவியள்?” என்றான்.

அன்றிலிருந்து அவர் ஒழுங்காக உண்பதில்லை. கைபேசி மடியிலேயே கிடக்கிறது. மணி அடித்தால் இப்போதும் எடுக்கிறார். பேசுவதில்லை, மறுமுனையின் மூச்சை மட்டும் கேட்டிருக்கிறார்.

மகனே, கடனுக்காக இதை எழுதவில்லை. கையெழுத்து என்னுடையது, சுமையும் என்னுடையதே. நீ அம்மாவோடு பேசு. முதலில் நம்பமாட்டார். “ஆரடா நீ?” என்று ஏசுவார். வைத்துவிடாதே. என்ன சொல்வதென்று தெரியாவிட்டால், தின்ற சோற்றைப் பற்றிச் சொல், அங்குள்ள வெயிலைப் பற்றிச் சொல். நீதான் என்று அவர் தேறும்வரை பேசிக்கொண்டே இரு.

காலம் தாழ்த்தாதே. நான் இப்போது உன் தாயைத் தனியே விட்டு எங்கும் போவதில்லை. அவர் கிணற்றடிக்குப் போனாலும் கூடவே போகிறேன்.

எல்லாம் வல்லவன் உன்னைக் காக்க.

உன் குரலுக்குக் காத்திருக்கும்
அப்பா,
பரமலிங்கம்