அட்டவணையில் இல்லாத மதியம்

மார்ச் 4

கம்பெனியின் சரக்குப் போக்குவரத்தை ஆராய்ந்து நான் எழுதிய அறிக்கையை மேனேஜர் அப்படியே மேலிடத்துக்கு அனுப்பிவிட்டார். இரண்டு கிடங்கு இருப்பதால்தான் லாரிகள் பாதி தூரம் காலியாக ஓடுகின்றன, பழையதை மூடிவிடலாம். கணக்கு சரி. பழைய கிடங்கின் சூப்பர்வைசர் என் அண்ணன். தெரிந்துதான் எழுதினேன். மனசுக்குள் ஏதாவது தோன்றும் என்று பார்த்தேன். ஒன்றும் தோன்றவில்லை.

மார்ச் 19

கிடங்கைப் பூட்டினார்கள். அண்ணனிடம் லைசென்ஸ் இருந்ததால் லாரி ஓட்டப் போட்டுவிட்டார்கள். "வேலை போகலையே, அதுவரைக்கும் நல்லது" என்றார் அண்ணி. என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

மார்ச் 20

அண்ணன் பேசவில்லை.

ஏப்ரல் 2

இன்றும் பேசவில்லை. இரவில் நான் சாப்பிட உட்கார்ந்தால் எழுந்து மாடிக்குப் போய்விடுகிறார். "பசிக்கலையாம்" என்கிறார் அண்ணி. ஒரே வீட்டில் இருந்துகொண்டு எத்தனை நாளைக்கு? மரக்கட்டை மாதிரி சாப்பிட்டேன், தட்டைக் கழுவினேன், படுத்தேன்.

ஏப்ரல் 9

லாரிகள் எங்கே போகின்றன என்று திரையில் புள்ளி புள்ளியாகத் தெரியும். ஒரு புள்ளியின் மேல் மேனேஜர் விரலை வைத்தார். "தினம் மதியம் இங்கயே நிக்குது. சொந்த வேலை பாக்கறாரா இந்த டிரைவர்? ஒரு மெமோ அடிங்க."

பெரிதாக்கிப் பார்த்தேன். எங்கள் தெருமுனை. அண்ணனின் லாரி. நான் வீட்டில் இல்லாத நேரமாகப் பார்த்து வந்து சாப்பிட்டுவிட்டுப் போகிறார்.

மெமோவுக்காக அவர் வண்டியின் அட்டவணையைத் திறந்தேன். சரக்கு ஏற்ற, இறக்க, டீசல் போட, கையெழுத்து வாங்க — எல்லாவற்றுக்கும் நிமிடம் ஒதுக்கியிருக்கிறேன். சாப்பிட ஒதுக்கவில்லை. மற்ற வண்டிகளையும் பார்த்தேன். ஒருத்தருக்கும் இல்லை. ஐயோ, எப்படி விட்டேன் இதை? ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டேவா எல்லாரும் சாப்பிடுகிறார்கள்?

ஏப்ரல் 10

மெமோ அடிக்கவில்லை. எல்லா வண்டிக்கும் மதியம் அரை மணி நேரம் சேர்த்தேன். மேனேஜர் தாம்தூம் என்று குதித்தார். "டிரிப் குறையுமே! கிடங்க மூடி மிச்சம் பண்ணதுல பாதி இதுலயே போயிடும்!"

"தப்பு என்னோடது சார். குறையட்டும்."

வேலை போனால் போகட்டும் என்றிருந்தது. அது தைரியமா, மரத்துப்போனதா, தெரியவில்லை.

ஏப்ரல் 16

மேலிடம் ஒப்புக்கொண்டது. எனக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம்.

ஏப்ரல் 21

மதியம் அண்ணன் வீட்டுக்கு வரவில்லையாம். டிரைவர்கள் எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டார்களாம். இரவு நான் தட்டை வைத்தபோது எழுந்து போகவில்லை. தலையைத் தூக்காமல் கேட்டார்:

"மேற்கு ரூட்டு நீ போட்டதா?"

"ஆமாண்ணா."

"அந்தப் பாலத்துக்கு அடியில லாரி நுழையுமா? நேர்ல போய்ப் பாத்தியா? கண்ண எங்க வெச்சிருந்த? படிச்சவதானே நீ?"

"சாப்பிடும்போது எதுக்குங்க" என்றார் அண்ணி. அண்ணன் நிறுத்தவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே இன்னும் கொஞ்சம் போட்டுச் சாப்பிட்டேன்.